பண்டிதை ரமாபாய் கடந்த இரு வாயில்கள்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் மலைப்பாதையிலே, புசல்லாவையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் இறம்பொடை வரும். அருவியைக் காணவும், குன்றின்மேல் நிற்கும் அனுமாரைத் தரிசிக்கவும் வருவோர் தம் வாகனங்களை வளைவோரத்தில் நிறுத்தி, கீழே விரிந்து கிடக்கும் கொத்மலை நீர்த்தேக்கத்தைப் பார்த்து வியந்து போவர். அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் தோட்டத்து லயங்கள் தெரியா. தெரிந்தாலும் பார்ப்பதற்கு அங்கு என்ன இருக்கிறது? தகரக் கூரைகள், விறகுக் கட்டுகள், தேயிலைத் தொழிற்சாலையை அடுத்து ஒரு மாரியம்மன் கோயில், கடைசி லயத்தின் முடிவிலே அண்மைக் காலத்தில் எழுந்த ஒரு சிறு செபவீடு. முப்பதாண்டுகளுக்கு மேலாக நான் ஆசிரியனாய் இருந்தது இவற்றுக்கு நடுவிலேதான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், என்னிடம் படித்த பெண் ஒருத்தி அந்தச் செபவீட்டுக்குச் செல்லத் தொடங்கினாள். அவள் கொழுந்து பறிப்பவள். கணவன் மலையிலே குளவி கொட்டி இறந்தபோது அவளுக்கு வயது இருபத்தெட்டு. லயம் இரண்டுபட்டது. தண்ணீர்ப் பீலியடியிலே வாய்ச்சண்டை மூண்டது. அவளுடைய அண்ணன் என்னிடம் வந்து, "நீங்க சொன்னா கேப்பா சேர்" என்றான். நானும் போனேன். வாத்தியார் என்ற உரிமையிலே, அரை மூட்டை மாவுக்கும் சீனிக்குமாகப் பெற்றோர் தந்த தெய்வத்தை விட்டுவிடலாமா என்று கேட்டேன். அவள் தலை குனிந்தபடியே சொன்னாள்:

"மாவுக்காக நான் போகல சேர். மக சடங்குல என்னைய ஒதுங்கி நில்லுன்னு சொன்னப்ப நீங்களும் அங்கதான நின்னீங்க?"

நின்றேன் என்பது உண்மை. பெற்ற மகளின் தலையில் மஞ்சள் நீர் ஊற்றக் கைம்பெண்ணின் கை ஆகாது என்று மூத்தவர்கள் அவளைச் சுவரோரமாக நிறுத்தினார்கள். அன்று நான் முன்வரிசையிலே நாற்காலியில் அமர்ந்து, வெற்றிலைத் தட்டைப் பெற்றுக்கொண்டு, வாளாவிருந்தேன். அவள் கேட்ட அன்று மாலை வீட்டுக்கு வந்தபின்னர்தான் பண்டிதை ரமாபாயின் நினைவு எனக்கு எழுந்தது. கண்டியிலே பழைய புத்தகக் கடை ஒன்றில் வாங்கி, படிக்காமலே வைத்திருந்த ஒரு சிறு ஆங்கில நூல் என் அலுமாரியில் இருந்தது. அந்த அம்மையார் தம் சமயமாற்றத்தைப் பற்றித் தாமே எழுதி 1907 ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் அது.

சமயமாற்றம் என்றவுடன் நம் மனத்தில் எழும் சித்திரம் பெரும்பாலும் ஐரோப்பியச் சரித்திர நூல்கள் வரைந்தது. 1505 ஆம் ஆண்டு இடிமழைக்கு நடுவே அகப்பட்ட மார்ட்டின் லூதர், உயிர் பிழைத்தால் துறவியாவேன் என்று நேர்ந்துகொள்கிறார். துறவியான பின்னரும் அமைதி காணாமல், பவுலடியாரின் நிருபத்தைப் படிக்கையிலே புதுப்பொருள் கண்டு எழுகிறார். ஜோன் கல்வின் தம்மைப்பற்றி அதிகம் பேசாதவர். சங்கீதங்களுக்கு எழுதிய விளக்கவுரையின் முன்னுரையில், 1557 ஆம் ஆண்டு, இறைவன் தம்மைத் திடீரெனத் திருப்பினார் என்று சுருங்கச் சொல்லி அப்பால் போய்விடுகிறார். அந்தச் சுருக்கமான கூற்றைச் சுற்றி ஆராய்ச்சியாளர் எழுதியவை ஒரு நூலகத்தையே நிரப்பும். ஜோன் வெஸ்லிக்கோ நாளும் நேரமும் உண்டு: 1738 ஆம் ஆண்டு மே மாதம் 24 ஆம் நாள் இரவு, ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, இலண்டனில் ஒரு சிறு கூட்டத்திலே. அவர் வழிவந்த மெதடிஸ்த போதகர்கள் 1814 ஆம் ஆண்டு காலியிலே கரையிறங்கி, யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் போனதனால் நம் கல்வி வரலாற்றில் விளைந்தவை யாவரும் அறிந்தவையே.

ஒரு மனிதன், ஒரு நூல், ஒரு கணம்: இதுவே அச்சித்திரம். நம் பக்கத்துச் சீர்திருத்தவாதி ஒருவரின் வாழ்வை இச்சட்டத்துக்குள் பொருத்த முயன்றால் அது பொருந்த மறுக்கிறது. ரமாபாயின் வாழ்விலே கணம் என்று சொல்லத்தக்கது ஒன்றன்று, இரண்டு. அவற்றுக்கு இடையே எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுகளே எனக்கு முதன்மையாகத் தோன்றுகின்றன.

1858 ஆம் ஆண்டு மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டிலே அவர் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்கரே வைதிகப் பிராமணர். ஆனால் மனைவி லட்சுமிபாய்க்கு வடமொழி கற்பித்தவர். அதன் பொருட்டுப் பண்டிதர் சபை ஒன்றின்முன் நிறுத்தப்பட்டு, பெண்ணுக்குக் கல்வி விலக்கன்று என்று நூல்களைக் காட்டியே வாதிட்டவர். தாயின் வாயிலிருந்து மகள் வடமொழி கற்றாள். பாகவதத்தை மனனம் செய்தாள். தலந்தோறும் சென்று புராணம் படித்து, கேட்போர் இடும் காணிக்கையிலே பிழைத்த குடும்பம் அது. கன்னட நாடும் தமிழ்நாடும் தெலுங்கு நாடும் அவர்கள் கால்படாத இடங்கள் அல்ல.

பின்னர்ப் பஞ்சம் வந்தது. இவ்விடத்தில் மலையகத்து வாசகர் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை சூறையாடிய கொடும் பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். கூட்டங் கூட்டமாக மக்களைக் கடல் கடத்தி, மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களுக்கும் நடத்தி வந்தது அப்பஞ்சம். அதன் முன்னடிகளிலேயே ரமாபாயின் குடும்பம் அகப்பட்டது. சாஸ்திரம் அன்றி வேறு தொழில் அறியாத அக்குடும்பத்தினர், இருந்த பொருளையெல்லாம் தானமாகவும் நேர்த்தியாகவும் கொடுத்துத் தெய்வங்களை வேண்டினர். திருப்பதிக்கு அருகே, உண்ண ஏதுமின்றி, புனித நீரிலே மூழ்கி உயிர்விடத் தந்தை துணிந்தார். மகன் கூலி வேலை செய்தாவது காப்பேன் என்று தடுத்தான். எனினும் 1874 இல் தந்தை மறைந்தார். சில மாதங்களில் தாயும் போனார். தாயின் உடலைச் சுமக்க நான்காவது ஆள் கிடைக்காமையால் பாடையின் ஒரு முனையை மகளே தாங்க வேண்டியதாயிற்று. உயரம் குறைந்தவள் ஆதலின் தோளுக்கு எட்டாமல் தலையிலே தாங்கி நடந்தாளாம். அந்தப் பெண்ணுக்கு அப்போது பதினாறு வயது.

அக்காளும் இறந்தபின், அண்ணனும் தங்கையும் நாடு முழுவதையும் கால்நடையாகவே சுற்றி, 1878 இல் கல்கத்தாவை அடைந்தனர். பசித்த வயிற்றோடு வந்த இருபது வயதுப் பெண் வடமொழியிலே சரளமாகப் பேசுவதைக் கேட்ட பண்டிதர்கள் திகைத்துப் போய், 'பண்டிதை' என்றும் 'சரஸ்வதி' என்றும் பட்டமளித்தனர். பிரம்ம சமாசத் தலைவர் கேசவ சந்திர சேனர் வேத நூல் ஒன்றைக் கொடுத்து, இதைப் படித்ததுண்டா என்று கேட்டார். பெண்ணுக்கு அது விலக்கப்பட்டதாயிற்றே என்று ரமாபாய் தயங்கினார். பெண்களுக்குச் சொற்பொழிவு ஆற்றுவதற்காகத் தரும சாஸ்திரங்களை ஊன்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான் அவருக்குள் முதல் விரிசல் விழுந்தது. மற்றெல்லாவற்றிலும் ஒன்றோடொன்று முரண்படும் அந்நூல்கள், பெண் இழிந்தவள் என்பதிலும் ஆணைப்போல் அவள் நேரே வீடுபேறு எய்த முடியாது என்பதிலும் ஒருமித்து நிற்கக் கண்டதாக அவர் பின்னாளில் எழுதினார். கவனிக்க: மிசனரிகள் சொல்லிக் கொடுத்த குற்றச்சாட்டு அன்று இது, மூல நூலைத் தாமே படித்தவரின் மனக்கசப்பு.

அண்ணன் 1880 இல் இறந்தான். அவ்வாண்டே, வேறு சாதியைச் சேர்ந்த வங்காள வழக்கறிஞர் விபின் விகாரி தாசரை ரமாபாய் மணந்தார். ஒரு மகள் பிறந்தாள், மனோரமா. கணவரின் நூல்களுக்கிடையே வங்காள மொழியில் லூக்கா சுவிசேடம் ஒன்றைக் கண்டு படிக்கலானார். மணவாழ்வு இரண்டாண்டும் நிறையவில்லை. வாந்திபேதி கணவரைக் கொண்டுபோயிற்று. கைக்குழந்தையோடு பூனாவுக்கு வந்தவரை ரானடே முதலிய சீர்திருத்தவாதிகள் வரவேற்றனர். 1882 இல் ஆரிய மகளிர் சமாசத்தை நிறுவினார். அவ்வாண்டே அரசின் கல்விக் குழுவின்முன் தோன்றி, பெண் ஆசிரியர்களும் பெண் மருத்துவர்களும் தேவை என்று சாட்சியம் அளித்தார். அவருக்கு அப்போது வயது இருபத்து நான்கு. அன்றைய சீர்திருத்தவாதிகளுக்கு இத்தகைய ஒரு பெண் கிடைத்தற்கரிய பேறு. வடமொழி அறிந்தவர், பிராமணக் குலத்தவர், கைம்பெண், மேடையிலே பேசக் கூடியவர். அவர் தமக்கே உரியவர் என்று அவர்கள் எண்ணியதில் வியப்பில்லை.

மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு 1883 இல் அவர் இங்கிலாந்து சென்றார். செவிப்புலன் குறைந்திருந்தமையால் அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. வான்டேஜ் என்னும் ஊரிலே அங்கிலிக்கன் சகோதரிகளின் மடத்தில் தங்கினார். சகோதரிகள் ஒருநாள் அவரை இலண்டனை அடுத்த புல்ஹம் என்னும் இடத்திலிருந்த தங்கள் இல்லத்துக்கு அழைத்துச் சென்றனர். உலகம் 'கெட்டுப்போனவர்' என்று ஒதுக்கிய பெண்கள் அங்கே அன்போடு பேணப்பட்டனர். இவர்களை ஏன் வெறுக்கவில்லை என்று ரமாபாய் கேட்டார். கிணற்றடியிலே சமாரியப் பெண்ணோடு இயேசு உரையாடிய கதையை அவர்கள் படித்துக் காட்டினர். தாம் கற்ற நூல்களிலே இத்தகைய பெண்களுக்கு விதிக்கப்பட்டிருந்த தண்டனைகளை நினைத்துப் பார்த்தார் ரமாபாய். 1883 ஆம் ஆண்டு செப்டெம்பர் 29 ஆம் நாள் மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

இது முதல் வாயில். அவ்வாயிலைக் கடந்தபோது ஒரு பெருந்துயரும் உடன் நிகழ்ந்தது. அவருடன் இந்தியாவிலிருந்து வந்த தோழி ஆனந்திபாய் பகத், அவ்வாண்டிலேயே வான்டேஜில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். சமயமாற்றத்தை மகிழ்ச்சிக் கதையாகவே சொல்ல விரும்பும் நூல்கள் இச்செய்தியை ஒரு வரியிலே கடந்துவிடுகின்றன. அந்நிய மண்ணில், புரியாத வழிபாட்டுக்கு நடுவே, அப்பெண்ணின் மனம் என்ன பாடுபட்டதோ!

பூனாவிலே கண்டனம் மூண்டது. நாட்டைக் காட்டிக் கொடுத்தவள் என்றனர். வெள்ளையரின் வலையில் விழுந்தவள் என்றனர். எதிர்க்குரல் கொடுத்தவர்களிலே முதன்மையானவர் சோதிராவ் பூலே. பெண்ணுக்கு நீதி வழங்காத சாஸ்திரத்தை ஒரு பெண் கைவிட்டால் குற்றம் யாருடையது என்னும் பொருள்பட, 1885 இல் வெளியிட்ட தம் சிறு நூலில் ரமாபாய்க்காக வழக்காடினார். பூலே கிறித்தவர் அல்லர் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

திருச்சபையோ அவரைத் தன் வெற்றிக் கொடியாக எண்ணியது. அங்கேதான் அது ஏமாந்தது! புதிதாய் மனம் மாறியவள் அடக்கமாய்க் கற்றுக்கொள்வாள் என்று எதிர்பார்த்த ஜெரால்டீன் சகோதரிக்கு, கேள்வி மேல் கேள்வியாக ரமாபாயின் கடிதங்கள் வந்தன. திரியேகக் கொள்கையை ஏன் ஏற்க வேண்டும்? திருச்சபை சொல்வதனாலா, நூல் சொல்வதனாலா? சிலுவையிலே பொறிக்கும் வாசகம் ஏன் இலத்தீனில் இருக்க வேண்டும், எங்கள் வடமொழியில் இருந்தால் என்ன குறை? மரக்கறி உணவை அவர் விடவில்லை. முட்டை சேர்ந்த பலகாரத்தையும் தொடவில்லை. சாதிப் பழக்கத்தின் மிச்சம் இது என்று சகோதரிகள் குறைப்பட்டனர். செல்ட்டனம் மகளிர் கல்லூரியிலே டொரதியா பீல் அம்மையாரின் அரவணைப்பில் படித்தும் வடமொழி கற்பித்தும் வந்த காலத்தில், ஆண் மாணவருக்குப் பாடம் சொல்லலாமா என்னும் வினா எழுந்தது. கூடாது, இந்தியாவிலே அவள் பெயர் கெடும் என்றனர் இந்தியாவில் பணியாற்றிய ஆயர்கள். ஆடவர் சபைகளிலே சொற்பொழிவாற்றிய என்னை இப்போது யார் தடுப்பது என்று ரமாபாய் சினந்து எழுதினார். புரோகிதர் நுகத்தைப் பெருமுயற்சியோடு கழற்றி எறிந்தவர், இன்னொரு நுகத்துக்குக் கழுத்தை நீட்ட மறுத்தார் என்பதே அக்கடிதங்களின் சாரம். மேலைத் திருச்சபையின் பெருந்தலைகளோடு இவ்வாறு எழுத்திலே சரிக்குச் சரி நின்று வாதாடிய இந்தியப் பெண்கள் அக்காலத்தில் வேறு எத்தனை பேர்?

1886 இல் அமெரிக்கா சென்றார். பிலடெல்பியாவில் ஆனந்திபாய் ஜோஷி மருத்துவப் பட்டம் பெறும் விழாவைக் காணப் போனவர், இரண்டாண்டுக்கு மேல் அந்நாட்டைச் சுற்றிப் பேசினார். புரோபலின் குழந்தைக் கல்வி முறையைக் கற்றார். உயர்சாதி இந்துப் பெண்களின் நிலையைப் பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூல் 1887 இல் வெளிவந்தது. பொஸ்டனில் அவருக்கென ஒரு சங்கமே அமைந்தது. அச்சங்கத்தின் பொருளுதவியோடு 1889 மார்ச் 11 ஆம் நாள் பம்பாயிலே கைம்பெண்களுக்காகச் சாரதா சதனத்தைத் திறந்தார். மறு ஆண்டு அது பூனாவுக்கு மாறியது. சமயம் போதிக்கப்படமாட்டாது என்பது நிபந்தனை. தனிச் சமையல், தம் தம் வழிபாடு, எல்லாம் அவரவர் வழக்கப்படி. ரானடே, பண்டார்கர் போன்றோர் ஆலோசனைக் குழுவில் இருந்தனர்.

இரண்டாவது வாயில் இதற்குப் பிறகே வருகிறது. 1891 அளவிலே, தாம் கிறித்தவ சமயத்தை ஏற்றுக்கொண்டாரேயன்றிக் கிறித்துவை இன்னும் கண்டடையவில்லை என்று ரமாபாய் உணர்ந்தாராம். அவ்வுணர்வுக்குத் தூண்டுகோலாயிருந்த நூல்களில் ஒன்று வில்லியம் ஹஸ்லம் என்னும் ஆங்கிலப் பாதிரியாரின் சுயசரிதை. பிரசங்க மேடையில் நின்று பேசுகையிலே தம் பிரசங்கத்தால் தாமே மனம் மாறியவர் அவர்! நகைப்புக்கு இடமான செய்தி போலத் தோன்றினும் ஆசிரியத் தொழிலில் இருந்தோர் நகைக்க மாட்டார். முப்பது ஆண்டு பிறருக்குச் சொன்ன பாடம் ஒருநாள் திடீரெனத் தனக்கே சொல்லப்படுவதாய்க் கேட்கும் அனுபவம் எமக்கும் உண்டு.

முதல் வாயிலில் அவரைச் செலுத்தியது நீதியுணர்வு. பெண்ணை மனிதப் பிறவியாய் மதிக்கும் நெறியைத் தேடி அவர் போனார். அறிவு சம்மதித்தது, நெஞ்சு சம்மதிக்க எட்டாண்டு பிடித்தது. வெஸ்லிக்கும் இவ்வாறே நேர்ந்தது. அவர் குருப்பட்டம் பெற்று ஆண்டுகள் பல சென்ற பின்னரே இலண்டன் இரவு வந்தது. ஞானஸ்நானத் தேதியைப் பதிவேட்டிலே எழுதி வைத்தல் எளிது. மனம் எப்போது திரும்பியது என்பதைப் பதிவேடு அறியாது. இந்த இடைவெளியை ஒளிக்காமல் எழுதியமையாலேயே ரமாபாயின் சிறு நூலை நான் நம்புகின்றேன்.

இனி, அந்த அறைக்கதவின் கதை. ரமாபாய் நாள்தோறும் தம் அறையிலே மகளோடு செபம் செய்வார். கதவைச் சாத்துவதில்லை. பெண்கள் சிலர் வாயிலில் நின்றனர். பின்னர் உள்ளே வந்து அமர்ந்தனர். 1893 இல் பூனாவிலே புயல் எழுந்தது. திலகரின் 'கேசரி' கடுமையாக எழுதியது. ஆலோசனைக் குழுவினர் விலகினர். பெற்றோர் பலர் வந்து தம் பெண்களை அழைத்துப் போயினர். நான் யாரையும் அழைக்கவில்லை, ஆனால் என் அறைக்கதவை மூடவும் மாட்டேன் என்பது ரமாபாயின் நிலை.

இவ்வழக்கிலே தீர்ப்புக் கூற எனக்கு எளிதாக இல்லை. கதவு திறந்திருந்தது, யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை, உண்மைதான். ஆயினும் உண்ண உணவும் உடுக்க உடையும் எழுத்தறிவும் தந்து, முதன்முதலாகத் தன்னை மனிதப் பிறவியாய் நோக்கிய ஒருத்தி உள்ளே முழந்தாளிட்டிருக்கும்போது, வெளியே நிற்கும் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு அந்தத் திறந்த கதவு வெறும் கதவுதானா? ஆசிரியரின் அன்பும் ஒருவகை வலிமை என்பதை நான் அறிவேன். மாணவர்கள் என் கையெழுத்தைப் போலவே எழுதப் பழகியதைக் கண்டிருக்கிறேன். ஆகவே பெற்றோரின் அச்சத்தை மூடத்தனம் என்று என்னால் தள்ள முடியவில்லை. ஆனால், அவ்வச்சத்தை முழங்கியவர்களை நோக்கி ரமாபாயின் சார்பில் ஒன்று கேட்கலாம்: அந்தப் பெண்கள் தலை மழிக்கப்பட்டு அடுக்களை மூலையிலே கிடந்த காலத்தில் உங்கள் கதவுகள் எந்த நிலையில் இருந்தன?

இக்கேள்வியைச் செவிகொடுத்துக் கேட்ட இந்துக்களும் இருந்தனர். சாரதா சதனத்தின் முதல் மாணவிகளில் ஒருத்தியான கோதுபாய் என்னும் இளங் கைம்பெண்ணை 1893 இல் தோண்டோ கேசவ கார்வே மணந்தார். அதன் பொருட்டு ஊர்விலக்கத்துக்கும் உள்ளானார். அவரே 1896 இல் இந்துக் கைம்பெண்கள் இல்லத்தைத் தொடங்கினார். 1916 இல் அவர் நிறுவிய மகளிர் பல்கலைக்கழகம் அப்பணியின் தொடர்ச்சி. சென்னையிலே, தாமே இளமையில் கைம்மையுற்ற சகோதரி சுப்புலட்சுமி, 1912 இல் பிராமண இளங் கைம்பெண்களுக்காக இல்லம் அமைத்தார். ரமாபாயின் சமயமாற்றம் எத்தனை பேரைக் கிறித்தவராக்கியது என்று கணக்கிடுவோர் அதன் சரித்திரச் சிறப்பில் ஒரு பகுதியையே காண்கின்றனர். கிறித்தவர் ஆகாதவர்களையும் அது சும்மா இருக்க விடவில்லை. கதவைத் திறக்காவிடில் பெண்கள் வேறு வாயிலை நாடுவர் என்ற அறிவு, அதற்குமுன் எந்தச் சொற்பொழிவாலும் வராதது, அன்று வந்தது. வெட்கத்தால் வந்த சீர்திருத்தமும் சீர்திருத்தமே.

1896-97 இல் நடு மாகாணங்களிலே மீண்டும் பஞ்சம். தாயின் பாடையைத் தலையிலே சுமந்தவர் வாளாவிருப்பாரா? தாமே நேரிற் சென்று, பட்டினியால் எலும்பாகி, தரகர் கையிலே அகப்படவிருந்த முந்நூறு அளவிலான பெண்களையும் சிறுமியரையும் அழைத்து வந்தார். பூனாவில் கொள்ளைநோய் காரணமாகக் கட்டுப்பாடுகள் இருந்தமையால், கேட்காவ் என்னும் ஊரில் வாங்கியிருந்த நிலத்துக்கு அவர்களைக் கொண்டுசென்றார். அதுவே முக்தி சதனம். கொள்ளைநோய்த் தடுப்பு என்ற பெயரில் பெண்கள் பட்ட அவமதிப்பைக் கண்டித்து அவர் பத்திரிகைக்கு எழுதிய கடிதம் ஆங்கிலேய ஆட்சியாளரைச் சினங்கொள்ளச் செய்தது. வெள்ளையரின் மதத்தைத் தழுவியவர் வெள்ளையரின் ஆளாகிவிடவில்லை. 1900 அளவிலே குசராத்துப் பஞ்சத்தில் மீண்டவர்களையும் சேர்த்து, முக்தியில் ஏறத்தாழ ஈராயிரம் பேர் இருந்தனர். நெசவு, தோட்ட வேலை, பால்பண்ணை, எண்ணெய் ஆட்டுதல், அச்சுக்கோத்தல் யாவும் பெண்கள் கையாலேயே நடந்தன. மூலமொழிகளான எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் முதிர்ந்த வயதிலே கற்று, கிராமத்துப் பெண்ணுக்கும் விளங்கும் மராத்தியில் வேதாகமத்தை ரமாபாய் மொழிபெயர்த்தார். அதை அச்சிட்டவர்களும் அப்பெண்களே. மகள் மனோரமா 1921 இல் தாய்க்கு முன்னர் மறைந்தாள். 1922 ஏப்பிரல் 5 ஆம் நாள் ரமாபாய் காலமானார்.

பெண்ணுக்கு வேதம் விலக்கு என்று கேட்டு வளர்ந்தவர், தாம் ஏற்ற வேதத்தைப் பிறர் மொழிபெயர்ப்பிலே படித்து அமையவில்லை; பேராயரின் உரைக்குக் காத்திருக்கவுமில்லை. கற்றலைத் தடுக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை என்று தந்தை வடமொழி நூல்களைக் கொண்டு நிறுவியதையே மகள் எபிரேயத்தைக் கொண்டு நிறுவினாள் என்று சொன்னால் தவறாகுமா? அனந்த சாஸ்திரி உயிரோடு இருந்திருந்தால் மகளின் மதமாற்றம் அவர் நெஞ்சைப் பிளந்திருக்கும். அவளுடைய மேசையின்மேல் விரிந்து கிடந்த அகராதிகளைக் கண்டு அவர் உள்ளூர மகிழ்ந்தும் இருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நூலைப் படித்து முடித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசி லயத்துக்குப் போனேன். அன்று வாளாவிருந்தது என் தவறு என்று சொன்னேன். அவள், "உக்காருங்க சேர், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். அவ்வளவுதான். அவள் மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை.

மாசி மாதம் பிறந்ததும் தோட்டத்திலே காமன் கூத்துக்குக் கம்பம் நாட்டினார்கள். அவளுடைய தந்தை அக்காலத்தில் கூத்துக்கு வாத்தியாராக இருந்தவர். இப்போது அண்ணன் ரதி வேடம் கட்டுகிறான். செபவீட்டுப் போதகர், மனந்திரும்பிய பிள்ளைகள் அந்தப் பக்கம் போகலாகாது என்று சொல்லியிருந்தாராம். காமன் எரியும் இரவிலே, பனி கொட்டிக்கொண்டிருக்க, கூட்டத்தின் பின்னே தலையில் துவாயைப் போர்த்துக்கொண்டு அவள் நிற்பதைக் கண்டேன். போதகர் ஏதும் சொல்ல மாட்டாரா என்று மெல்லக் கேட்டேன்.

"சொல்லுவாரு சேர். நானும் சொல்லுவேன்ல? இது எங்க அப்பா கூத்து."

பறையொலி உரத்தது. அண்ணன் ஒப்பாரியைத் தொடங்கினான். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போனாள்.